மிச்ச டேட்டா எங்கே போகும்

எனக்குப் பொறாமை வந்தால் பாத்திரம் தேய்ப்பேன். பாத்திரம் கழுவ மெஷின் இருக்கிறது. அதை மூடி வைத்துவிட்டுக் கையாலேயே தேய்ப்பேன். போன வருடம் டெக்சாஸில், ரவுண்ட் ராக் ஊரில், எங்கள் வீட்டு இட்லித் தட்டுகள் கடையில் வாங்கிய அன்று இருந்ததைவிடப் பளபளத்தன. அதற்குக் காரணம் ஒருத்தி. என் ஆபீஸில் எனக்குக் கீழே சேர்ந்து, ஒன்றரை வருடத்துக்குள் எனக்குச் சமமாக வந்து உட்கார்ந்துவிட்ட ஒரு விருதுநகர்ப் பெண்.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் இந்தப் பொறாமை புரியும். ஏழை நாடுகளிலும் நம் நாடு மாதிரி நடுவாந்தர நாடுகளிலும் செல்போன் கம்பெனிகள் டேட்டா பேக் விற்கின்றன. அதை வாங்கும் திரைகளைச் செய்து கொடுப்பது எங்கள் கம்பெனி. காசு கொடுத்து வாங்குகிற பாதிப்பேருக்குத் தாங்கள் எதை வாங்கினோம் என்று தெரியாது. எத்தனை நாள் வரும், தீர்ந்தால் நின்றுபோகுமா அல்லது ஊர்ந்துகொண்டாவது ஓடுமா, இரவு டேட்டா என்று எழுதியிருக்கிறதே அது பகலில் செல்லுமா, ஒன்றும் தெரியாது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கிற மாதிரி விலையை எழுதுவதுதான் என் பொறுப்பு. மூன்று வருடம் உட்கார்ந்து நீளமாக ஒரு டாக்குமெண்ட் எழுதியிருந்தேன். எந்தத் தகவல் மேலே வரவேண்டும், எது கீழே, எந்த எழுத்து எவ்வளவு பெரியது எல்லாம் அதில் இருந்தது. தமிழ்த் திரைகளின் வாசகம் முழுக்க நானே எழுதியது. எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவள் அப்போது நான் ஒருத்திதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தப் பெண் வந்து சேர்ந்த முதல் வாரமே அந்த டாக்குமெண்டை அவளுக்கு அனுப்பினேன். மறுநாள் காபி மெஷின் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க டாக்குமெண்ட் சூப்பர்க்கா. நான் மொதல்ல ஒரு பத்துப் பேர்ட்ட பேசிப் பாத்துட்டு வந்து நிதானமா படிக்கறேன்."

படிக்கவே இல்லை. இன்றுவரை படித்திருக்க மாட்டாள் என்று பந்தயம் கட்டுவேன். ஆனால் பேசினாள். காலையில் எனக்கு முன்பே ஆபீஸ் வந்து, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கென்யாவில் மீன் விற்கிற பெண்ணோடும் மதுரையில் ஆட்டோ ஓட்டுகிறவரோடும் பேசிக்கொண்டிருப்பாள். அவளுக்கு யாரோடும் பேச வரும். நான் பன்னிரண்டு வருடமாகப் போகிற இந்தியன் கடையில் பில் போடுகிற அம்மாளுக்கு என்னை, "பை வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவளாகத்தான் தெரியும். இவள் மூன்றாவது தடவை போனபோது அந்த அம்மாள் தன் மருமகள் பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று இவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்னால் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குக் குக்கரைத் தேய்த்தேன்.

இதெல்லாம் ஆபீஸ் பொறாமை. வரும், போகும். என் அம்மா டெக்சாஸ் வந்தபோதுதான் அது வேறு மாதிரி ஆனது.

அப்பா போன பிறகு அம்மா மன்னார்குடியில் தனியாக இருக்கிறாள். ஆறு மாத விசாவில் அழைத்து வந்தேன். வந்த இரண்டாம் வாரம், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறாளே பாவம் என்று அந்தப் பெண்ணை ஒரு சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். நானேதான் கூப்பிட்டேன், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. முதல் தடவை வந்தபோது "ஆன்ட்டி, வத்தக்குழம்பு பிரமாதம்" என்றாள். அடுத்த வாரம் கூப்பிடாமலே வந்தாள். அப்போது "அம்மா" ஆகிவிட்டது. எனக்கு மீட்டிங் இருக்கிற நாள்களில் அவள் லீவு போட்டு அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போவாள். அவள் கார் எங்கள் வாசலில் வந்து நிற்கும்போது உள்ளே இருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அப்படி அவள் என்னோடு சிரித்து எத்தனை வருடம் இருக்கும் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை.

அம்மா ஊருக்குத் திரும்பினாள். எங்கள் வழக்கம் திரும்ப ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, அங்கே சாயங்காலம், வீடியோ காலில் கூப்பிடுவேன். பத்து நிமிடம் பேசுவோம். பத்தாவது நிமிடம் அம்மா, "சரி, வைக்கட்டுமா? உனக்கு வேலை இருக்கும்" என்பாள். ஒவ்வொரு வாரமும் அவள்தான் வைப்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் கேட்க மாட்டேன். பகலில் நான் அனுப்புகிற போட்டோவும் மெசேஜும் அடுத்த நாள்தான் அவளுக்குப் போய்ச் சேரும். என்மேல் ஏதோ மனக்கசப்பு, அமெரிக்காவில் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறாள் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அந்தப் பெண் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள். "அம்மாக்கு இப்ப கால் பரவால்லையாம்க்கா. மாடிப்படில வழுக்கி விழுந்த வீக்கம் நல்லா வத்திருச்சாம்."

எந்தக் கால், என்ன வீக்கம், எனக்கு ஒன்றும் தெரியாது.

"ஆமா ஆமா, எங்கிட்டயும் சொன்னாங்க" என்றேன். டப்பாவை மூடினேன். என் அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்ததை, விருதுநகரில் பிறந்த எவளோ ஒருத்தியின் வாயிலிருந்து நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதுவும் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நடித்துக்கொண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் அதைக் கேட்கவும் இல்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். பத்து நிமிடம் ஆனது. வைத்துவிட்டாள்.

இந்த வருடம் ஒரு வியாழக்கிழமை, புதிய விலைத்திரைகளை மேலதிகாரிக்குக் காட்டும் கூட்டம் நடந்தது. அவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி, நல்லவர், பொறுமை கம்மி. எல்லா நாட்டுத் திரைகளுக்கும் ஒரே ஆள் பொறுப்பு என்று முடிவாகியிருந்தது. அது நானா அவளா என்பது அந்தக் கூட்டத்தில் தெரிந்துவிடும். நான் முதலில் பேசினேன். தலையை ஆட்டிக்கொண்டே போனைப் பார்த்தார். அடுத்து அவள் எழுந்து, "நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, இதக் கேளுங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஒரு ஒலிப்பதிவைப் போட்டாள். முகம் கிடையாது. திரையில், ஏழாம் எண் ஆள், பெண், அறுபதுகளில், தென்னிந்தியாவில் சின்ன ஊர் என்று மட்டும் இருந்தது. கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு ஓடியது.

"ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபின்னு போட்டிருக்கு. ராத்திரி பன்னெண்டு மணிக்குப் புதுப்பிக்கப்படும்னும் போட்டிருக்கு. நான் அதுல துளியூண்டுதான் எடுக்கறது. பகல் பூரா நெட்ட அமத்தி வச்சுடுவேன். மிச்சமெல்லாம் சேந்துக்கிட்டு இருக்கும், ஒரு அவசரத்துக்கு வேணும்ல."

அந்தக் குரல் என் அம்மாவினுடையது.

அறையில் வேறு யாருக்கும் தெரியாது. 'புதுப்பிக்கப்படும்' என்ற வார்த்தை நான் எழுதியது. ஒரு வாரம் யோசித்து, இதைவிடத் தெளிவாக எழுத முடியாது என்று முடிவு செய்து எழுதியது. அம்மாவுக்கு வருடத்துக்கு ஒருமுறை இங்கிருந்து என் கார்டில் ரீசார்ஜ் பண்ணுவதும் நானே. "எல்லாம் போட்டாச்சும்மா, நீ கவலைப்படாதே" என்று சொல்வேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தினம் இரண்டு ஜிபி. அவள் அதை உளுந்தையும் துவரம்பருப்பையும் டின்னில் சேர்த்து வைக்கிற மாதிரி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒலிப்பதிவில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "இல்லம்மா, மிச்சம் இருக்கறது பன்னெண்டு மணியானா போயிரும். அடுத்த நாளுக்கு வராது."

"போயிடுமா? எங்க போகும்?" என்றாள் அம்மா. "காசு குடுத்து வாங்கினதுதானே?"

மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். மேலதிகாரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் முதல் திரையில் இருக்க வேண்டும்" என்றார். அந்தப் பெண் அடுத்த படத்தைக் காட்டினாள். பேக்கின் விலைக்கு நேர் கீழே, விலை அளவுக்கே பெரிய எழுத்தில் ஒரே வரி இருந்தது: 'இன்று மிஞ்சியது நாளைக்கு வராது.' அவ்வளவுதான். பொறுப்பு அவளுக்குப் போய்விட்டது. நானும் கைதட்டினேன்.

பதவி போனதைக்கூடச் செரித்துக்கொண்டிருப்பேன். என் அம்மாவை எனக்கே எதிராக, அதுவும் என் வார்த்தையை வைத்தே நிறுத்திவிட்டாளே என்பதுதான் தாங்கவில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. வேலை பார்க்கிறவர்களின் சொந்தக்காரர்களை இப்படிப் பேட்டி எடுக்கக் கூடாது. அவள் அதை மீறியிருக்கிறாள். ஒரு மெயில் போதும், எல்லாம் தலைகீழாகிவிடும். என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து மெயிலை எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். இவ்வளவு சரளமாக நான் எதையும் எழுதியதில்லை.

பாதியில் ஒரு சிக்கல் வந்தது. ஏழாம் எண் ஆள் என் அம்மாதான் என்பதற்கு என்ன ஆதாரம்? கூட்டத்தில் காட்டியது இரண்டு நிமிடத் துண்டு. முழு ஒலிப்பதிவும் குழுவின் பொது போல்டரில் இருந்தது. தேடி எடுத்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போலீஸ்காரி மாதிரி கையில் பேனாவோடு கேட்க உட்கார்ந்தேன்.

தேடியது ஆரம்பத்திலேயே கிடைத்துவிட்டது.

"அம்மா, இத ரெக்கார்ட் பண்றேன், சரியாம்மா?"

"பண்ணு, பண்ணு. எம்பொண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

"ஏம்மா?"

"இதுகூடத் தெரியாதாம்மான்னு கேப்பா. அவ இதுலதான வேலை பாக்கறா."

பேனாவைக் கீழே வைத்தேன். அப்படிக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. டிவி ரிமோட்டுக்கு, பாஸ்வேர்டுக்கு, ஏர்போர்ட்டில் வீல்சேருக்கு. அதற்குப் பிறகு ஒலிப்பதிவை நிறுத்தியிருக்கலாம். ஆதாரம்தான் கிடைத்துவிட்டதே. நிறுத்தவில்லை. அம்மா பேசிக்கொண்டே போனாள். எந்த நேரத்தில் நெட்டைப் போடுவாள், எப்போது அமத்துவாள், எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்காக நெட்டைப் போட்டுவிட்டுக் காத்திருப்பாளாம். வீடியோ ரொம்ப இழுக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அதனால் பத்து நிமிடத்துக்குமேல் பேச மாட்டாளாம்.

எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே சந்தோஷத்தில். என்மேல் மனக்கசப்பு இல்லை! ரெண்டு ஜிபிதான் காரணம்! ஒரு பாழாய்ப்போன பேக் என் அம்மாவையும் என்னையும் பத்து நிமிடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. பேட்டியின் கடைசிக் கேள்வி வந்தது.

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்லம்மா, தினம் நெறைய இருக்குன்னு. இனிமே என்ன பண்ணுவீங்க?"

"எம்பொண்ணோட நெறைய நேரம் பேசுவேன்" என்றாள் அம்மா, யோசிக்காமலே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிப்பதிவை மூடப் போனபோதுதான் அதன் தேதியைப் பார்த்தேன். ஏழு மாதத்துக்கு முந்தையது. அம்மா ஊருக்குப் போன இரண்டாம் மாதமே எடுத்தது. ஏழு மாதமாக அவளுக்கு எல்லாம் தெரியும். ஏழு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றிலும் அதே பத்து நிமிடம்தான் என்னோடு பேசியிருக்கிறாள். மிஞ்சிய டேட்டா அத்தனையும் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தப் பெண் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, யாருக்கோ போனில் வாழ்த்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மெயிலை அனுப்பவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அனுப்பினால், டேட்டா விலை புரியாத அந்த அம்மாள் டேட்டா விலைக்கு டாக்குமெண்ட் எழுதியவளின் அம்மா என்று நானே கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வெட்கத்துக்கு நான் தயாராக இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கு, ஆபீஸ் கிளம்புவதற்கு முன், அம்மாவைக் கூப்பிட்டேன். ஞாயிறு தவிர வேறு நாளில் நான் கூப்பிட்டதே கிடையாது. அம்மா பயந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு? மாப்பிள்ளை நல்லாருக்காரா?"

"எல்லாரும் நல்லாருக்கோம்மா. ஒண்ணு கேக்கணும்." நேராகவே கேட்டேன். "ராத்திரி பன்னெண்டு மணிக்கு டேட்டா போயிடும்னு உனக்குத் தெரியுமா?"

அம்மா ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு சொல்லிட்டாளா?" என்றாள்.

"அவ சொல்லல. நானே கேட்டேன், ரெக்கார்டிங்க. ஆபீஸ்ல போட்டா."

"அவளத் திட்டாதடி. நான்தான் சொல்ல வேண்டாம்னேன்."

"திட்டல. தெரிஞ்சதுக்கு அப்பறம் எங்கிட்ட நெறைய நேரம் பேசுவேன்னு சொல்லியிருக்கே. ஏழு மாசமாச்சு. ஏம்மா பேசல?"

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கடன்காரன் மாதிரி இருந்தது. அம்மா போனை எதன்மேலோ சாய்த்து வைத்தாள். முகம் பாதிதான் தெரிந்தது. அவளுக்குக் கோபம் இல்லை. ஊரில் மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"பேசத்தான் பாத்தேன். அந்த ஞாயித்துக்கிழமையே. டேட்டா நெறைய இருக்குன்னு நாற்காலியெல்லாம் இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். பத்து நிமிஷம் ஆனதும் நீ 'அப்பறம்?'னே. நான் எதிர்வீட்டுக் கல்யாணம் நின்னுபோனதைச் சொன்னேன். 'ஓ'ன்னுட்டு, திரும்பவும் 'அப்பறம்?'னே. கண்ணு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. ரெண்டாவது 'அப்பறம்' வந்தா வைக்கணும்னு அர்த்தம்தானே? அதுக்கு அடுத்த வாரம் நீ அதச் சொல்றதுக்கு முன்னாடியே நான் வச்சுட்டேன். உனக்கும் சிரமம் இல்லாம போச்சு."

பக்கத்தில் திறந்திருந்த கம்ப்யூட்டரை மூடினேன். விலை, வரம்பு, புதுப்பிப்பு எதன்மேலும் பழியைப் போட முடியவில்லை.

அப்போது அம்மாவின் போனில் விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்தது. வேறு யாரோ கூப்பிடுகிறார்கள். அம்மா திரையைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தாள். முகம் கொஞ்சம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"அவதான். ஆபீசுக்கு ட்ரைவ் பண்ணிக்கிட்டே தினம் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவா" என்றாள். "நீ இன்னைக்குக் கூப்பிடுவேன்னு எனக்குத் தெரியாதே. எடுக்கட்டுமா? உனக்கும் ஆபீசுக்கு நேரமாச்சுல்ல?"

"எடுக்காதம்மா" என்றேன்.

நாற்பத்தாறு வயதில், பக்கத்து வீட்டுக் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கு என்று அழுகிற பிள்ளை மாதிரிதான் சொன்னேன். சொன்னதற்கு வெட்கப்படவும் இல்லை. அந்தச் சத்தம் இன்னும் நாலைந்து முறை வந்து நின்றது. அம்மா என்னை, சரியாக என் முகத்தை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரி, எடுக்கல" என்றாள். "சொல்லு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்தக் கல்யாணம் ஏம்மா நின்னுபோச்சு?" என்று கேட்டேன்.